அட்டையில் இருக்கும் அம்மா

அத்தியாயம் 11

இசக்கியம்மாள் காலை ஆறு மணிக்கே புறப்பட்டு உட்கார்ந்துவிட்டாள்.

கல்யாண வீட்டுக்குக் கட்டுகிற பச்சைப் புடவை. மடியில் ஒரு கட்டைப்பை. பைக்குள் ஆதார் அட்டை, ஊர்ப் பெரியாஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த சீட்டு, அரை சீப்பு வாழைப்பழம். இவை தவிர, இ-சேவை மையத்தில் எடுத்த ரேஷன் கார்டு நகல் ஒன்று. அதில் 'மாரிசெல்வி, மகள்' என்று அச்சாகியிருந்த இடத்தை நேற்று சாயங்காலம் வீட்டிலிருந்த எல்லோருக்கும் ஒரு சுற்று காட்டியாயிற்று.

"ஏளா செல்வி, இன்னிக்குப் போயிருவம்லா?"

இதைச் சொல்வதற்குள் அவளுக்கு இரண்டு தடவை மூச்சு வாங்கிற்று.

மாரிசெல்வி கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு தலை வாரினாள். திரும்பவில்லை. "மொதல்ல கம்பெனியில ஒரு வேலை இருக்கும்மா. அதை முடிச்சிட்டு வந்திருதேன்."

"முடிச்சிட்டு வா. நான் எங்க ஓடப் போறேன்."

அம்மா வந்து மூன்று நாள் ஆகிறது. இவள் கூப்பிடவில்லை. ஊரில் பக்கத்து வீட்டுக்காரி யாரோ சொல்லியிருக்கிறாள்: ஒரகடத்துக் கம்பெனியில் வேலை பார்க்கிற பிள்ளைகளின் அம்மா அப்பாவுக்கெல்லாம் ஈ.எஸ்.ஐ. அட்டையில் பைசா செலவில்லாமல் வைத்தியம் நடக்கிறது, உன் மகளுக்கும் அட்டை இருக்கும், போய்ச் சேர் என்று. இசக்கியம்மாளுக்கு நெஞ்சில் ஒரு வால்வு சுருங்கிக் கிடக்கிறது. ஊர்ப் பெரியாஸ்பத்திரியில் நல்லபடியாகத்தான் பார்த்தார்கள். ஆனால் சிகிச்சைக்கு நான்கு மாதம் தள்ளித் தேதி கொடுத்தார்கள். இங்கே ஸ்ரீபெரும்புதூர் கிளினிக் டாக்டரோ ஒரு மாதத்துக்கு மேல் தாங்காது என்கிறார். அம்மா படுத்துத் தூங்கி எத்தனையோ நாளாயிற்று. இரண்டு தலையணையை அண்டக் கொடுத்துச் சுவரில் சாய்ந்தே கண் அயர்கிறாள்.

அட்டை இருக்கிறது. அதில் அம்மாவும் இருக்கிறாள். ஆனால் அந்த அம்மா இவள் இல்லை.

இதற்கு யாரைக் குறை சொல்வது? ஆறு வருஷத்துக்கு முன்னால், மாரிசெல்வி ஒயரிங் கம்பெனியில் சேர்ந்த வாரம், ஈ.எஸ்.ஐ.க்குக் குடும்ப போட்டோ கொண்டுவா என்றார்கள். தெற்கேயிருந்து வந்து அறையெடுத்துத் தங்கியிருக்கிற பெண்ணுக்குக் குடும்பம் அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பால் அல்லவா இருக்கிறது? ஒரு போட்டோவுக்காக யார் அங்கிருந்து பஸ் ஏறி வருவார்கள்? ஆகவே கைக்கு எட்டிய ஆளைக் கூட்டிக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போவது அந்தப் பிள்ளைகளுக்குள் ஒரு வழக்கமாகவே ஆகியிருந்தது. அந்த வருஷம் ஹாஸ்டல் சமையல்காரர் ஒருவர் ஏழு பெண்களுக்கு அப்பாவாக நின்றார். ஏழு போட்டோவிலும் அதே கட்டம் போட்ட சட்டை.

மாரிசெல்விக்கு அந்தக் கஷ்டம் இல்லை. சித்தி இருந்தாள். அம்மாவின் கூடப்பிறந்த தங்கை பாண்டிச்செல்வி. இவளை வீட்டில் வைத்துச் சோறு போட்டு வேலையில் சேர்த்துவிட்டவள். சித்தி பக்கத்தில் நின்றாள், போட்டோ எடுத்தார்கள். கம்பெனி ஆபீசில் போட்டோவைப் பார்த்து, "இது அம்மாவா?" என்று கேட்டார்கள். பின்னால் நூறு பேர் வரிசையில் நிற்கும்போது கதை சொல்லிக்கொண்டிருக்க முடியுமா? மாரிசெல்வி ஆமாம் என்று தலையாட்டினாள்.

அந்தத் தலையாட்டல் அப்படியே கிடந்து போயிருக்கும். ஆனால் போன வருஷம் சித்திக்கு மார்பில் கட்டி வந்தது. சித்தப்பா கொம்பையா சொந்த வேனில் கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்குகிறவர். சொந்த வண்டி இருந்தால் சர்க்கார் கணக்கில் அவர் முதலாளி. தொழிலாளிக்கு உள்ள அட்டையும் கிடையாது, ஏழைக்கு உள்ள சான்றிதழும் கிடையாது. அப்போதுதான் மூன்று பேருக்கும் அந்தப் போட்டோ ஞாபகம் வந்தது. தப்பென்று தெரிந்தேதான் செய்தார்கள். உயிர் பெரிதா, கட்டத்தில் எழுதியிருக்கிற உறவு பெரிதா? ஆறு ஊசி என்றார்கள். மூன்று முடிந்துவிட்டது. நாலாவது, வருகிற திங்கட்கிழமை.

அக்காவுக்கு இது எதுவுமே தெரியாது. வந்த அன்று தங்கையின் தலையைப் பார்த்துவிட்டு, "என்னட்டி இது கோலம்?" என்றாள். "திருப்பதியில நேர்ந்துகிட்டேன்க்கா" என்று சித்தி தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டாள். எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் மொட்டை போட்டாயே என்று அக்காவுக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

கொம்பையா பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு காப்பி குடித்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் முழுக்க விவாதம் போட்டிருந்தது.

"பொறந்த எல்லாருக்கும் வைத்தியத்தை அரசாங்கமே ஏத்துக்கிடணும்னு ஒருத்தர் எழுதுதாரு. அவ்வளவு பணம் எங்க இருக்கு, இருக்க ஆஸ்பத்திரி தாங்குமான்னு எதுத்தாப்ல ஒருத்தர் கேக்காரு."

"நீங்க எந்தக் கட்சி?" என்றாள் சித்தி, தோசைக் கல்லிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நான் வேன் டிரைவரு. என்னை யாரு கேட்டா?"

"ஏ தம்பி" என்றாள் இசக்கியம்மாள். "எல்லாருக்கும்னா, அதுக்குப் பேரு எழுதிக் குடுக்கணுமா, குடுக்காமலே உண்டா?"

"குடுக்காமலே உண்டு மதினி. அதானே எல்லாருக்கும்ங்கிறது."

"அப்ப அது நடக்காது" என்று அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"நடக்கதை விடுங்க. மெட்ராஸ் பெரியாஸ்பத்திரிக்கு நான் கூட்டிட்டுப் போறேன். ஒரு நாள் வேன் ஓடலைன்னா ஒண்ணும் குடி முழுகிராது. இப்ப யாரு வேணும்னாலும் போலாம் அங்க."

"நான் எதுக்குப் போயி வரிசையில நிக்கணும்? எம் மக கம்பெனியில வேலை பாக்கா. மாசாமாசம் அவ சம்பளத்துல பிடிக்காவ. எனக்கு அட்டை இருக்கு." அம்மா பையைத் தட்டிக் காட்டினாள்.

சித்தி தோசையைத் திருப்பினாள். அது ஏற்கெனவே திருப்பிய தோசை. மாரிசெல்வி வாசலுக்குப் போய்ச் செருப்பைத் தேடினாள்.

கொம்பையா பின்னாலேயே வந்தார். "இன்னிக்குப் பதினோரு மணிக்கு உங்க சித்திக்கு ஸ்கேன் டோக்கன் இருக்கு. நெஞ்சை எடுத்துப் பாத்துட்டுத்தான் திங்கக்கிழமை ஊசின்னு டாக்டர் சொல்லியிருக்காரு. அந்த மருந்து நெஞ்சைத்தான் பதம் பாக்குமாம்ல. எனக்கு மணிமங்கலம் ட்ரிப் இருக்கு, சாயங்காலம்தான் வருவேன். நீ கூடப் போயிரு."

"பத்தரைக்கு வந்திருவேன் சித்தப்பா."

"ஆபீசுல என்னன்னு கேப்ப?"

"தெரியலை. போயிதான் பாக்கணும்."



சனிக்கிழமை ஆபீஸ் அரைநாள். மனிதவளப் பிரிவில் சுபாஷ் மட்டும் இருந்தான். வடக்குப்பட்டுக்காரன், நல்ல பையன். ஆறு வருஷத்துக்கு முன்னால் அந்தப் போட்டோவைக் கையில் வாங்கியவனும் இவன்தான்.

"இன்னா மாரிசெல்வி, உன் லீவு நாள்ல?"

"அண்ணே, ஈ.எஸ்.ஐ.யில அம்மா பேரைச் சேக்கணும்."

அவன் தட்டிப் பார்த்தான். "இருக்கே. பாண்டிச்செல்வி. ட்ரீட்மென்ட் கூட போய்க்கினுதான் இருக்கு."

வரும் வழியெல்லாம் ஷேர் ஆட்டோவில் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வாக்கியம் ஒன்றுகூட வாயில் வரவில்லை. "அது எங்க சித்தி" என்றாள்.

சுபாஷ் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"இத வேற யாராண்டயாவது சொன்னியா?"

"இல்லை."

"சொல்லாத."

"நீங்கதானண்ணே டைப் பண்ணீங்க."

"நீ தலையாட்டின, நான் டைப் பண்ணேன். அன்னிக்கு ஒரே நாள்ல நூத்தி எண்பது பேரு ஜாயினிங். அம்மாவா இல்லியான்னு ரத்த டெஸ்டா எடுக்க முடியும்?"

"ரெண்டு பேரையும் போட முடியாதா?"

"ஒருத்தருக்கு ஒரு அம்மாதாம்மா. ரெண்டாவது போட்டா சிஸ்டம் ஏத்துக்காது. பழைய பேரை எடுக்கணும்னா ஏன் எடுக்குறேன்னு கேக்கும். இறந்துட்டாங்கன்னு போட்டா சர்டிபிகேட் கேக்கும், அப்புறம் இன்னொரு அம்மாவ எங்கேந்து கொண்டார்ற? தப்பா போட்டுட்டோம்னு எழுதினா, இது வரிக்கும் போட்ட மூணு ஊசி யாருக்கு போட்டதுன்னு ஆபீசர் வந்து நிப்பாரு. உன் வேலையும் போவும், என் வேலையும் போவும். உங்க சித்திக்கு நாலாவது ஊசியும் கிடையாது."

மாரிசெல்வி மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். இந்த ஆபீஸ் அறைக்கு ஜன்னல் கிடையாது.

"எல்லாருக்கும்னு குடுத்துட்டா, யாரு அம்மா யாரு சித்தின்னு எதுக்குண்ணே கேக்கணும்?"

"எல்லாருக்கும் குடுத்தா ஒருத்தனுக்கும் கெடைக்காது. இப்பவே போய்ப் பாரு, காலைல ஏழு மணிக்கு லைன் கேட்டு வரிக்கும் நிக்குது. நீ மாசாமாசம் கட்ற. கட்டாதவன் வந்து உனக்கு முன்னாடி நின்னா சும்மா இருப்பியா?" சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. "உங்க சித்திய சொல்லல."

"சித்தியைத்தான் சொல்லுதீங்க. சொல்லுங்க. உண்மைதானே."

இந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. சித்தி.

"செல்வி, ஒன் போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், பாத்துச் சொல்லு."

கேஸ் சிலிண்டர்காரன் வந்து நிற்கிறான் போலிருக்கிறது. வந்தால் நம்பர் கேட்பான், சொன்னால்தான் இறக்குவான். மாரிசெல்வி குறுஞ்செய்தியைப் பாதி கூடப் படிக்கவில்லை. ஆறு எண்ணையும் சொல்லிவிட்டு வைத்தாள்.

சுபாஷ் ஒரு டம்ளர் தண்ணீரை அவள் பக்கம் நகர்த்தினான். "என் கதை தெரியுமா உனக்கு? சம்பளம் லிமிட்டைத் தாண்டிடுச்சு, ரெண்டு வருஷமா எனக்கே ஈ.எஸ்.ஐ. கிடையாது. எங்கப்பாவுக்கு நெஞ்சில ஸ்டென்ட் வச்சப்ப, கம்பெனிங்க எடுத்தது போக வடக்குப்பட்டுல மிச்சம் இருந்த ஆறு சென்ட் நெலத்த வித்தோம். பேருதான் ஆபீசரு."

"அப்ப உங்களுக்கும் வேணும்தானே?"

"எனக்கு வேணும். எல்லாருக்கும் வேணுமான்னு கேட்டா, தெரியல" என்றான். பொய் சொல்லத் தெரியாத பையன்.

"உங்க சித்திக்கு முடியட்டும் மாரிசெல்வி. இன்னும் மூணு ஊசி, மூணு மாசம்னு வை. அதுக்கப்புறம் எதுனா வழி பாக்கலாம்."

"எங்கம்மாவுக்கு ஒரு மாசம்னு சொல்லியிருக்காங்க."

சுபாஷ் திரையை அணைத்தான்.



பத்தரை மணிக்கு வருவதாகச் சொன்னவள் பதினொன்றே காலுக்குத்தான் வந்தாள். புதுக் கார் ஏற்றிய டிரெய்லர் ஒன்று ஒரகடம் ரோட்டில் குறுக்கே நின்றுவிட்டது. ஆட்டோவுக்குள் ஒன்பது பேர் நெருக்கியடித்துக்கொண்டு அதன் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வீடு பூட்டியிருந்தது.

வீட்டுக்கார அம்மா லூர்தம்மாள் குழாயடியில் குடம் பிடித்துக்கொண்டிருந்தாள். "உங்கம்மாளும் சித்தியும் ஆட்டோ வச்சிக்கினு போனாங்கோ. அப்பவே போய்ட்டாங்கோ."

"ரெண்டு பேருமா?"

"ஆமா. தலைல ஒரே மாரி துணி, மூஞ்சில மாஸ்க்கு. எது அக்கா எது தங்கச்சின்னு எனக்கே தெரியல போ."

"கேஸ்காரன் வந்தானாக்கா?"

"கேஸா? அது நேத்தே வந்துச்சே. இன்னா கேக்குற நீ?"

மாரிசெல்வி போனை எடுத்தாள். காலையில் பாதியில் விட்ட குறுஞ்செய்தியை இப்போது முழுசாகப் படித்தாள். ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் பாண்டிச்செல்வியின் பதிவுக்கான எண் அது. யாரிடமும் பகிராதீர்கள் என்று கீழே போட்டிருந்தது.

மாற்றுச் சாவியால் திறந்து பீரோவைப் பார்த்தாள். சித்தியின் பைலும் இல்லை, அட்டையும் இல்லை. சித்தியின் போன் மட்டும் சார்ஜரில் கிடந்தது. அப்படியானால் காலையில் பேசியது? அம்மாவின் போனிலிருந்து பேசியிருக்கிறாள். யார் பெயர் வந்தது என்றுகூடப் பார்க்காமல் குரலைக் கேட்டே எண்ணைச் சொல்லிவிட்டாளே. மாரிசெல்விக்குத் தன் மேலேயே எரிச்சலாக வந்தது. செருப்பைக்கூட மாட்டாமல் தெருமுனை வரைக்கும் ஓடி ஆட்டோவை மறித்தாள்.



ஆஸ்பத்திரியில் ஸ்கேன் அறைக்கு வெளியே பெஞ்சில் சித்தி உட்கார்ந்திருந்தாள். தனியாக. மடியில் அம்மாவின் கட்டைப்பை.

"அம்மா எங்கே?"

"உள்ளே. கத்தாதே. உக்காரு."

"சித்தி, என்ன செஞ்சிருக்கீங்க?"

"என்ன செஞ்சேன்? எனக்குப் பதினோரு மணி டோக்கன் இருந்துச்சு. எனக்கு நெஞ்சுல ஒரு கோளாறும் கிடையாது. அதை அக்காவுக்குக் குடுத்தேன். இங்க நல்ல மெஷினு. எடுத்து, ரிப்போர்ட்டை வாங்கி, மருந்து எழுதிக் குடுத்தா வாங்கிட்டுப் போயிருவோம். யாருக்குத் தெரியப் போவுது?"

"அம்மாகிட்ட என்ன சொன்னீங்க?"

"ஆட்டோவிலேயே சொல்லிட்டேன், அட்டையில அம்மான்னு என்னைத்தான் போட்டிருக்குன்னு." சித்தி பையின் காதைத் திருகினாள். "கோவிச்சுக்கிடலை. 'நீதானே பிள்ளையைப் பாத்துக்கிட்ட, போட்டா என்ன தப்பு'ன்னா. அதுக்கப்புறம் ஒரு வார்த்தை பேசலை."

"ஊசியைப் பத்தி?"

"அதைச் சொல்லலை. சுகர் செக்கப்புன்னு சொல்லியிருக்கேன்."

மாரிசெல்வி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஸ்கேன் அறைக் கதவு திறந்தது. சக்கர நாற்காலியில் இசக்கியம்மாளை வைத்துத் தள்ளிக்கொண்டு நர்ஸ் ஷாரோன் வந்தாள். புதிதாக வந்தவள், நல்ல துடி. கையில் சித்தியின் பைல்.

"பாண்டிச்செல்வி கூட வந்தவங்க யாரு?"

மாரிசெல்வி எழுந்தாள்.

"நீ பொண்ணா? ஏம்மா, அம்மா நெஞ்சு இப்டி இருக்கச்சொல்ல இத்தினி நாளா இன்னா பண்ணிக்கினு இருந்தீங்க? வால்வு ரொம்ப சுருங்கிடுச்சு. எப்டி மூணு கீமோ தாங்குனாங்கன்னு டாக்டரே கோவப்பட்றாரு. திங்கக்கிழமை ஊசி கேன்சல். இந்த நெஞ்சுக்கு அந்த மருந்து போனா ஆள் பொழைக்க மாட்டாங்க. மொதல்ல வால்வு, அப்புறந்தான் மத்ததெல்லாம்."

அவள் ஒரு தாளை நீட்டினாள். "பெரிய ஆஸ்பத்திரிக்கு லெட்டர் போடச் சொல்லிட்டாரு. புதன்கிழமையே எடுத்துக்குவாங்க. எல்லாம் கார்டுலயே. தோ, இங்க ஒரு கையெழுத்து போடு."

புதன்கிழமை.

மாரிசெல்விக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை மறைப்பானேன்? நான்கு மாதமும் இல்லை, ஒரு மாதமும் இல்லை, இன்னும் நாலே நாள் போனால் அம்மா மல்லாந்து படுத்துத் தூங்கலாம். ஒரு கையெழுத்துதான். அந்தச் சந்தோஷத்தோடேயே அவள் சித்தியைத் திரும்பிப் பார்த்தாள்.

சித்தி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அக்காவின் நெஞ்சு தன் பைலுக்குள் ஏறிவிட்டது. இனி எந்த டாக்டரும் தனக்கு அந்த ஊசியைப் போட மாட்டார். உண்மையைச் சொன்னால் தான் யாரென்று விசாரிப்பார்கள், அப்போதும் ஊசி நிற்கும்.

"போடுட்டி" என்றாள் சித்தி, மெதுவாக. "மூணு போட்டாச்சுல்லா. மிச்சத்தைப் பொறவு பாத்துக்கிடலாம்."

"பொறவுன்னா எப்ப சித்தி?"

"போடுன்னு சொல்லுதேன்லா."

மாரிசெல்வி பேனாவை வாங்கினாள். போட்டாலும் ஒருத்தி போவாள், போடாவிட்டாலும் ஒருத்தி போவாள். இவள் கையெழுத்து தமிழில் ஐந்தே எழுத்து. முதல் எழுத்துக்கே கை வரவில்லை.

"நர்ஸம்மா" என்றாள் இசக்கியம்மாள் சக்கர நாற்காலியிலிருந்து. "கீமோன்னா என்னது?"

ஷாரோன் சிரித்துவிட்டாள். "இன்னாம்மா, மூணு தடவை போட்டுக்கினு இன்னான்னு கேக்குறீங்க? புத்துநோய்க்குப் போட்ற ஊசிமா."

இசக்கியம்மாள் தங்கையைப் பார்த்தாள். தலைத்துணியைப் பார்த்தாள். கண்புருவத்தில் முடி இல்லாததை மூன்று நாளில் முதல் தடவையாகக் கவனித்தாள்.

"திருப்பதின்னு சொன்னியேட்டி" என்றாள்.

சித்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

ஷாரோனின் சிரிப்பு நின்றது. அம்மாவின் தலைத்துணிக்குக் கீழே, தோளில், நரைத்த சடை ஒன்று வெளியே வந்து தொங்கிக்கொண்டிருந்தது. மூன்று ஊசி போட்டவளுக்குச் சடை ஏது? அவள் பைலைத் திறந்து அதில் இருந்த போட்டோவைப் பார்த்தாள். பெஞ்சில் இருப்பவளைப் பார்த்தாள்.

"இதுல யாரு பாண்டிச்செல்வி?"

மாரிசெல்வி வாயைத் திறந்தாள். அவளுக்கு முன்னால் அம்மா பேசிவிட்டாள்.

"அந்தா உக்காந்திருக்காளே, அவதான். அவ நெஞ்சு நல்லாத்தாம்மா இருக்கு. இது என் நெஞ்சு. டோக்கனை நான்தான் புடுங்கிட்டு உள்ள வந்தேன், அவ மேல தப்பு இல்ல." நிறுத்தி மூச்சு வாங்கினாள். "அவ ஊசியை மட்டும் நிறுத்திராதீங்க தாயீ. திங்கக்கிழமை போட்டுருங்க."

"அப்போ நீங்க யாரு?"

இசக்கியம்மாள் மகளைப் பார்த்தாள். பெற்று வளர்த்து, பத்தொன்பது வயதில் ஒரு தகரப் பெட்டியோடு பஸ் ஏற்றி அனுப்பிய மகள். காலையில் ஊருக்கே காட்டுகிற மாதிரி பையைத் தட்டி, எம் மக அட்டை என்று சொன்னாளே, அந்த மகள்.

"நான் பாண்டிச்செல்விக்கு அக்கா" என்றாள். "இந்தப் பிள்ளைக்குப் பெரியம்மா. இவ அம்மா அந்தா இருக்கா."

பெஞ்சிலிருந்து ஒரு கேவல் வந்தது. சித்தி அதை இருமலாக மாற்றப் பார்த்தாள்.

ஷாரோன் மாரிசெல்வியின் பக்கம் திரும்பினாள். கோபமாக இல்லை, ஆனால் விடுவதாகவும் இல்லை. "அப்டியா? இவங்க உன் பெரியம்மாவா?"

அம்மா கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லாதே என்றோ சொல் என்றோ இல்லை. சின்ன வயதில் கசப்பு மருந்தைச் சங்கில் ஊற்றிக்கொண்டு, விழுங்கு என்று பார்ப்பாளே, அந்தப் பார்வை.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அது எவ்வளவு லேசாக இருந்தது. ஒரே ஒரு தலையாட்டல்.

மாரிசெல்வி தலையாட்டினாள்.

"சரி" என்றாள் ஷாரோன். பேனாவையும் தாளையும் அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "ஆள் மாறாட்டம் இது. நான் டாக்டராண்ட சொல்லியே ஆவணும். அவர் இன்னா பண்றாரோ எனக்குத் தெரியாது. இந்தம்மா யாரு இன்னான்னு ப்ரூஃப் கேப்பாரு. ஆதார், ரேஷன் கார்டு, எது இருக்கோ எடுங்க."

மாரிசெல்வி பையைப் பார்த்தாள். சித்தி மடியில் இருந்த கட்டைப்பையை இறுக்கிப் பிடித்தாள். அவளுக்கும் அந்த நகல் ஞாபகம் வந்துவிட்டது. நேற்று சாயங்காலம் அக்கா விரல் வைத்துக் காட்டிய 'மகள்' என்ற வரி.

ஷாரோன் குனிந்து, பைக்குக் கையை நீட்டினாள். குரலைத் தணித்துக்கொண்டு, பிரியமாகவே அம்மாவிடம் கேட்டாள்.

"உங்க பைதானே இது? குடுக்கச் சொல்லுங்க, பெரியம்மா."